பின்னமான காசு

எங்கள் தெருக் கோவிலில் உண்டியல் எண்ணும்போது மாமி ஒருவர் என் பக்கத்தில்தான் உட்காருவார். தாலிச் சங்கிலியில் கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் வாங்கிய சின்ன பூதக்கண்ணாடி தொங்கும். அச்சு தேய்ந்து சிங்கம் மழுங்கிய காசு, எழுத்து இரட்டையாக விழுந்த காசு என்று எது கண்ணில் பட்டாலும் எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் காசைக் குவியலில் போடுவார். சேகரிப்பவர்களிடம் அவற்றுக்கு மவுசு அதிகம்.

“சொந்தக் காசு இங்க கொண்டுவரக் கூடாதாக்கும், மாமி” என்றார் கோவில் செயலாளர்.

“பின்னமான விக்ரகத்துக்குப் பூஜை உண்டோ? பின்னமான காசு மட்டும் பகவானுக்கு ஆகுமோ?”

செயலாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சிங்கத்தின் முகத்தில் கோடு விழுந்த காசொன்றை நான் ஆசையாக நீட்டினேன். மாமி கண்ணாடி வழியே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது அச்சுல வந்த பிசகு இல்லை. யாரோ ஆணியால கீறியிருக்கா. பகவானுக்கே இருக்கட்டும்” என்று குவியலில் எறிந்தார்.