ஐந்து வருடத்தில் லீடர்

இலுப்பூரில் ஓர் உரக்கடைக்கு மேலே உள்ள அறையில் நான் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். முதியோர் இல்ல வேலைக்கு ஜப்பான் போகிற நர்சிங் பெண்கள்தான் வருவார்கள். மொழி மறந்துவிடக் கூடாதே என்று அந்த நாட்டுப் புதிய நாவல்களை வாங்கிப் படிப்பேன். படித்துவிட்டு எரிச்சல்படுவேன். எந்தக் கதையை எடுத்தாலும் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் பதவி உயர்வு என்றதும் பேயைக் கண்டவன்போல் ஒளிகிறான். பொறுப்பு தருகிறேன் என்று மேலாளர் கூப்பிட்டால் ஒருத்தி பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். நேரத்துக்கு வீட்டுக்குப் போனால் போதும், பெரிய ஆசை எதுவும் வேண்டாம் என்கிறார்கள். கொழுப்பு என்று நினைத்தேன். வகுப்பில் அந்தக் கதைகளைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். இன்டர்வியூ பயிற்சியில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஐந்து வருடம் கழித்து என்னவாக இருப்பீர்கள்?

"இதே வேலைய ஒழுங்கா பாத்துக்கிட்டு இருப்பேன் மேடம். யாருக்கும் மேல இருக்க வேணாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இப்புடிச் சொன்னா ஒன்னைய யாரு எடுப்பா? லீடர் ஆவேன்னு சொல்லு."

"எனக்கு அந்த ஆசை இல்லையே மேடம்."

"ஆசைப்படச் சொல்லல. மனப்பாடம் பண்ணச் சொல்றேன்."

போர்டில் நான்கு வரி எழுதிப்போட்டேன். ஐந்து வருடத்தில் லீடர் ஆவேன், எந்த ஷிப்டும் பார்ப்பேன், எவ்வளவு பொறுப்பும் ஏற்பேன், முடியாது என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நாங்களெல்லாம் கட்டுரையைக்கூட நோட்ஸ் பார்த்து நெட்டுருப் போட்டுப் பாஸ் ஆனவர்கள். ஒப்பித்து முடித்ததும் அது மறந்துபோகும். மறந்துபோனால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அவள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். வீடியோ இன்டர்வியூவில் திரையில் இருந்த ஜப்பானியப் பெரியவர் தலையாட்டிக்கொண்டே நான்கு வரியையும் எழுதிக்கொண்டார். வேலை கிடைத்தது. வகுப்பு முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

போய் எட்டாவது மாதம், ஒரு சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டாள். இங்கே ஐந்து மணி, அங்கே எட்டரை. இன்னும் யூனிபார்மில்தான் இருந்தாள்.

"என்னைய லீடர் ஆக்கிட்டாங்க மேடம்."

சந்தோஷம் என்றேன்.

"இந்த ஊருப் பிள்ளைக மூணு பேருகிட்டதான் மொதல்ல கேட்டாங்க. மூணு பேரும் மாட்டேன்னுட்டாங்க. நானும் மாட்டேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இன்டர்வியூல சொன்னத எடுத்துக் காட்டுனாங்க. நீங்க எழுதிக் குடுத்ததுதான் மேடம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் எங்கோ முதியவர்கள் உதவிக்குக் கூப்பிடும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். வேலைக்கு வராதவர்களின் ஷிப்டெல்லாம் லீடர் தலையில்தான் விழும் என்று அந்த நாவல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததே. அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முடியாது என்று சொல்லிவிடு என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். "பொறுத்துக்க, பழகிரும்" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு முறையும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால், "நின்னுக்கிட்டே சாப்புட்டுர்றேன் மேடம். உக்காந்தா எந்திரிக்க முடியல" என்பாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு போன் வருவது நின்றுவிட்டது. நான் அனுப்பிய மெசேஜுகள் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. பத்தாவது நாள் அவளுடைய அம்மா கூப்பிட்டார்கள். "ஒங்ககிட்டயாச்சும் பேசுச்சாங்க?" வேலை அதிகமாக இருக்கும் என்று அவர்களிடமும் சொல்லிவைத்தேன்.

இன்று காலை ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தது. அதே இல்லத்துக்கு அவசரமாக ஓர் ஆள் வேண்டுமாம். லீடர் இடம் காலியாக இருக்கிறதாம். போன முறை வந்தவரைப் போலவே பொறுப்பேற்க விருப்பமுள்ளவராக இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்கள். போன முறை போனவள் என்ன ஆனாள் என்று ஒரு வார்த்தை இல்லை. உடனே போன் போட்டுக் கேட்டேன்.

"விசாரிச்சுச் சொல்றோம் மேடம்" என்றான் அங்கே இருந்த ஆள். "ஒங்ககிட்ட ஆளு ரெடியா?"

வகுப்புக்குள் போனேன். இன்டர்வியூ வந்திருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். முன் பெஞ்சில் இருக்கும் குளத்தூர்ப் பெண், நான் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று, கைமாறி வந்த நோட்டில் படித்த அந்த நான்கு வரியையும் சொல்லிக்காட்டினாள். ஒரு பிழை இல்லை.