ஆர்செனியோ அடிக்காமல் விட்டிருக்க வேண்டிய பந்து

சான் லினோவின் ரொட்டிக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே ரொட்டி விற்கும் நெரெய்தாவிடம் பேஸ்பால் பேசத்தான் வருவார்கள். மாவு வராத நாட்களில் பேச்சு மட்டுமே கிடைக்கும். ஊரின் பேஸ்பால் அணி சர்க்கரை ஆலைக்காரர்கள் ஆரம்பித்தது. ஆலை மூடி வெகுகாலமாகிவிட்டது. அணி மட்டும் இன்னும் சட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறது, தோற்றுவிட்டுப் போகிறது. சிறுமியாக இருந்த நாளிலிருந்து ஓடுகிறவர்கள் வந்து நிற்கும் மூன்றாம் பேஸுக்குப் பின்னால் அதே பார்வையாளர் படியில் உட்கார்ந்து, அலுமினியச் சட்டியைக் கரண்டியால் தட்டிக் கத்தி வந்தவள் நெரெய்தா. இப்போது அறுபத்தைந்து வயது. படியேறினால் முட்டி வலிக்கிறது. கத்துவதற்கும் ஒன்றுமில்லை.

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். முதலில் போனவன், மட்டைக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சர் ஃபெர்மின். மெக்சிகோவில் ஆடப்போன இடத்தில், ஓட்டல் சமையற்கட்டு வழியாக வெளியே போனவன் திரும்பவில்லை. அன்று நெரெய்தா பட்டினி கிடந்து அழுதாள். இடக்கையால் பந்து வீசும் பிட்சர் எலியேசெர் படகில் நாட்டைவிட்டுப் போனான். அவனுக்காகக் கடல் அடங்கியிருக்கட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றினாள். அதற்குப் பிறகு போனவர்களின் செய்தியைச் சோற்றையும் கறுப்பு அவரையையும் மென்றுகொண்டே கேட்டாள். "யாரு, அவனா? ம்." அவ்வளவுதான். போகாமல் இருந்தவர்கள் மட்டும் என்ன மிஞ்சிவிட்டார்கள்? ஆலைப் புகைபோக்கி வரைக்கும் பந்தை அனுப்பிய க்ளோதோமிரோ இப்போது கடை வாசலில் தள்ளுவண்டியில் வெங்காயம் விற்கிறான். இளவட்டங்களுக்கு அவன் பெயரே வெங்காயம்தான்.

எல்லோரையும் மன்னித்துவிட்டவளுக்கு ஆர்செனியோவை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ஊரைவிட்டுப் போனதற்காக அல்ல. ஒரு பந்துக்காக.

சான் லினோ இறுதி ஆட்டத்துக்குப் போனது ஒரே ஒருமுறை. கடைசிச் சுற்று, ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள்; இரண்டு பேர் அவுட், இன்னொருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மூன்று பேஸிலும் ஆள் நிற்க, மட்டையோடு வந்தான் ஆர்செனியோ. எதிரணிப் பிட்சர் மூன்று பந்துகளைத் தொடர்ந்து தப்பாக வீசிவிட்டான். இன்னொன்றும் தப்பினால் எல்லோரும் ஒரு பேஸ் முன்னேறலாம்; மட்டையைத் தூக்காமலே ஒரு ஓட்டம், ஆட்டம் சமன். சும்மா நின்றால் போதும். நாலாவது பந்தும் தப்பாகத் தலை உயரத்துக்கு வந்தது. ஆர்செனியோ அதை எட்டி அடித்தான். பந்து செங்குத்தாக மேலே போய் எதிரணிக் கேட்சரின் கையுறைக்குள் விழுந்தது. கோப்பை போயிற்று. சில மாதத்தில் அவனும் நாட்டைவிட்டுப் போனான்.

அடி என்று பயிற்சியாளர் சைகை காட்டினாரா, இவனாகவே அடித்தானா? பூங்கா பெஞ்சில் இருபது வருஷத்துக்கும் மேலாக நடக்கும் வழக்கு இது. சைகை என்பது ஆலை ரயில் ஓட்டிய பெலாயோவின் கட்சி. திமிர் என்பது நெரெய்தாவின் கட்சி. பயிற்சியாளரோ செத்துப்போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி வரிசையில் தொந்தியும் தொப்பியுமாக ஒருவன் வந்து நின்றான். முகம் பிடிபடவில்லை. ஆனால் அவன் பாதத்தை உள்பக்கமாக வைத்து இரண்டடி நடந்ததும் நெரெய்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆர்செனியோ!"

"அட, என்னைக்கூடத் தெரியுதாக்கா? என் பிள்ளைங்களுக்கே சில நாள் தெரியமாட்டேங்குது."

அம்மாவின் கல்லறை இடிந்து கிடப்பதாக யாரோ சொல்லி, அதைக் கட்ட வந்திருந்தான். போன இடத்தில் சின்ன அணிகளில் கொஞ்ச காலம் ஆடினானாம். தோள் போய்விட்டது. இப்போது வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறான்.

"இன்னைக்கு ஆட்டம் இருக்காக்கா?"

"இருக்கு. மத்தியானம். ராத்திரி ஆட்றதுக்கு கரண்டு எங்க இருக்கு?"

இரண்டு பேரும் போனார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது. வாசலில் நின்றவன் ஆர்செனியோவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெளியூரா பெரியவரே?" என்று கேட்டான். ஆர்செனியோ ஆமாம் என்று தலையாட்டினான். படியில் உட்கார்ந்ததும் அவளுடைய சட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

"இதை இன்னும் தூக்கிப் போடலையா? இதோட சத்தத்துல அப்பல்லாம் எனக்கு மண்டை வெடிக்கும்."

"உன்னை உற்சாகப்படுத்தத்தானேடா தட்டினேன்!"

"தெரியும். எப்ப நிறுத்துவீங்கன்னுதான் இருக்கும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. களைப்பாக மட்டும் இருந்தது. கேட்டுவிட்டாள்.

"அந்த நாலாவது பந்தை ஏண்டா அடிச்ச?"

"எந்த நாலாவது பந்து?"

அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். ஆட்டத்தைச் சொன்னாள், சுற்றைச் சொன்னாள், யார் யார் எந்த பேஸில் நின்றார்கள் என்று சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"தோத்தது ஞாபகம் இருக்கு. கடைசியா அவுட்டானது நானா?"

"நீதான். வேற யாரு?"

"இருக்கும்க்கா. எனக்கு அந்த வாரமே ஞாபகத்துல இல்ல. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. ராத்திரியெல்லாம் அவங்க கட்டில் பக்கத்துல உட்கார்ந்துட்டு அப்படியே பஸ் ஏறி வருவேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கு. நர்ஸோட செருப்புகூட ஞாபகம் இருக்கு. பந்து ஞாபகம் இல்ல."

அவன் அம்மாவின் சாவுக்கு நெரெய்தாவும் போயிருந்தாள். இறுதி ஆட்டம் முடிந்து மூன்றோ நாலோ நாள் கழித்து. சவப்பெட்டி உள்ளே இருக்க, வாசலில் நின்றவர்கள் தணிந்த குரலில் அந்தப் பந்தைப் பற்றித்தான் பேசினார்கள். அவளும் பேசினாள். சாவையும் பந்தையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"நல்ல பொம்பளை உங்கம்மா," என்றாள்.

"ஆமாக்கா."

ஆறாம் சுற்றில் மழை வந்து ஆட்டம் நின்றது. கல்லறைக்குச் சிமென்ட் கிடைக்குமா என்று பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் கன்னத்தில் முத்தமிட்டு ஆர்செனியோ போனான்.

மறுநாள் பெஞ்சில் பெலாயோ காத்திருந்தார். சேதி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"சொல்லு நெரெய்தா! சைகைதானே? நான் சொன்னதுதானே?"

"அவனுக்கு ஞாபகம் இல்லையாம்."

"பொய் சொல்றான்! அந்தப் பந்தை எவனாவது மறப்பானா?"

"அந்த வாரம்தான்யா அவங்கம்மா செத்தாங்க. நீயும்தானே வந்திருந்த?"

பெலாயோ சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். பிறகு அவர், "சரி, அது பாவம்தான். அதுக்காக, சைகை இல்லாமலா அடிச்சிருப்பான்?" என்றார். உடனே இன்னொருவர் மறுத்தார். வழக்கு மறுபடி தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் அவளைத் துணைக்கு இழுத்தது.

"என்னை விடுங்கப்பா," என்று நெரெய்தா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மழையால் நின்ற ஆட்டத்தை அன்று மத்தியானம் முடிப்பதாக இருந்தார்கள். அவள் போகவில்லை. கரண்டு இல்லாத வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருந்தாள். அடுத்த வீட்டில் ஒஸ்மாராவின் பாட்டரி ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. கேட்கக்கூடாது என்றுதான் படுத்தாள். வெகுநேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏய் ஒஸ்மாரா, எத்தனைக்கு எத்தனை?"

"ஒன்பதுக்கு ஒன்னு. வழக்கம்போலதான்."

"அந்த ஒன்னு யாரு எடுத்தது?"

"யாரோ புதுப் பையன். பேரு சரியா காதுல விழல."

"விழுந்தா சொல்லு," என்று நெரெய்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.