முக்கால் மலை

எங்கள் மலையேற்றக் குழுவில் அவரை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், இருபத்தெட்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவர். வயது ஐம்பத்து மூன்று. இடது முழங்கால் தேய்ந்திருந்தது. அதையும் படம் எடுக்கச் சொல்லி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து மலை தாங்கும்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டவர். மெதுவாக நடப்பதால் கேப்டன் அவருக்கு ஆமை என்று பட்டப்பெயர் வைத்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

குழுவைத் தொடங்கியவர்தான் கேப்டன். கார் விற்கும் கடையில் மேலாளர். மலையில் கால் நன்றாக ஏறும். கீழே வந்தால் வாய் அதைவிட நன்றாக ஏறும். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஒரு டயர் கடையின் மாடி ஹாலில் கூடி, எடுத்த படங்களைத் திரையில் போட்டுப் பார்ப்போம். எங்கள் படங்களில் நாங்களே இருப்போம், கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு. அக்காவின் படங்கள் வேறு மாதிரி. கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணைத் திறந்தே வைத்துவிட்டு, டார்ச்சோடு இருட்டுக்குள் போவார். ஒரு பட்ட மரத்தைச் சுற்றிச் சுற்றி வெளிச்சம் பூசுவார். படத்தில் மரம் தீப்பிடித்ததுபோல் நிற்கும். அக்கா மட்டும் இருக்கமாட்டார். எப்படி என்று கேட்டால், "வெளிச்சம் எவ்வளவு நேரம் படணும்னு தெரிஞ்சாப் போதும். அதானே எனக்குச் சோறு போடுது" என்பார். யார் கேட்டாலும் சொல்லிக்கொடுப்பார்.

போன வருடம் ஒரு மொட்டை மலைக்குப் போனோம். பகலில் பாறை கொதிக்கும் என்பதால் இரவில் ஏறி, விடிவதற்குள் இறங்கிவிடுவது திட்டம். அடிவாரத்தில் கூடாரம் போட்டதும் கேப்டன் அக்காவிடம் வந்தார்.

"அக்கா, இது ஸ்பீடா ஏற வேண்டிய மலை. நீங்க இங்கயே இருந்து டென்ட்டைப் பாத்துக்குங்க."

"டென்ட் எங்கயும் ஓடிப் போயிடாதுப்பா."

"உங்க முழங்காலுக்குத்தான் சொல்றேன்."

"முழங்கால் என்னோடது. நீங்க ஏன் நொண்டுறீங்க?"

நாங்கள் சிரித்தோம். ஆனால் யாரும் அக்காவுக்காகப் பேசவில்லை. அவரை விட்டுவிட்டுப் பதினோரு பேர் கிளம்பினோம்.

முக்கால் மலை வரை ஏறிவிட்டோம். அங்கே குறுக்கே ஒரு வழுக்குப் பாறை, மேலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கேப்டன் கால் வைத்தார்; வழுக்கினார். சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அவருக்கு அதற்குமேல் கால் வைக்கப் பயம். எனக்கும்தான். திரும்பிவிடுவது என்று முடிவு செய்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம் அதற்கப்புறம் அவர் சொன்னதில் இருந்தது.

"உச்சியைத் தொட்டோம்னு சொல்லிடலாம். இருட்டுல யாரு பாத்தா?"

அங்கேயே ஒரு பாறையில் ஏறி நின்று கட்டைவிரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டோம். இருட்டில் எந்தப் பாறையும் உச்சிப் பாறைதான். ஊருக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் படத்துக்கு முன்னூறு பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

ஹாலில் காட்ட வேண்டிய படங்களை முன்கூட்டியே கேப்டனுக்கு அனுப்ப வேண்டும். அக்கா அனுப்பியது ஒரே ஒரு படம். அதற்கு மறுநாள் அக்கா எனக்கு போன் செய்தார்.

"தம்பி, கேப்டன் பேசினார். என் படத்துல மலையை மட்டும் வெட்டிட்டு நட்சத்திரத்தை வச்சுக்கச் சொல்றார். ஏன்னு கேட்டா மழுப்புறார். நீங்க உச்சிக்குப் போனீங்களா, இல்லையா?"

நான் காற்று, பாறை, நேரம் என்று ஏதேதோ சொன்னேன்.

"நீயும் மழுப்பாத."

"போகலக்கா."

அக்கா சொன்னார்: "ஒடஞ்ச எலும்பு தெரியாத மாதிரி எடுத்துக் குடுங்கன்னு எத்தனையோ பேர் வந்து நின்னிருக்காங்க. கெஞ்சியிருக்காங்க, மெரட்டியிருக்காங்க. ஒருத்தருக்கும் எடுத்துக் குடுத்ததில்ல. இவருக்கா குடுப்பேன்?"

கூட்டத்தன்று பட்டியலில் அக்காவின் படம் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே, படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து அக்கா ஏறி வந்தார். பின்னால் அவர் வீட்டுக்காரர், பழைய போர்வை சுற்றிய ஒரு பெரிய சட்டத்தைச் சுமந்துகொண்டு, "கதவளவுக்குப் பெருசு பண்ணியிருக்கா, என் முதுகு போச்சு" என்று முனகியபடி வந்தார்.

கேப்டன் எழுந்தார். "அக்கா, இன்னைக்கு லிஸ்ட்ல இடமில்ல."

"சுவத்துல இடமிருக்கே" என்றார் அக்கா.

நாற்காலியில் ஏறி, காலண்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியிலேயே மாட்டினார்.

அடிவாரத்தில் உட்கார்ந்து நாலு மணி நேரம் விடாமல் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கியிருந்தார். வானம் முழுக்க நட்சத்திரங்கள் வளைவு வளைவாகக் கோடு போட்டிருந்தன. கீழே கரிய மலை. அதன்மேல், எங்கள் தலைவிளக்குகள் எல்லாம் சேர்ந்து, மஞ்சள் நூல் ஒன்று வளைந்து வளைந்து ஏறியது. நானும் அந்த நூலில் ஒரு இழை. சத்தியமாகச் சொல்கிறேன், எங்களை அவ்வளவு அழகாக யாரும் எடுத்ததில்லை.

புதிதாகச் சேர்ந்த ஒரு தையல்காரப் பெண் கிட்டே போய் நூலை விரலால் தொடர்ந்துகொண்டே போனாள். முக்காலில் விரல் நின்றது. அதற்கு மேல் வெறும் இருட்டு.

"ஏன் இங்கயே முடிஞ்சிடுச்சு?"

"நான் எடுத்தவ. போனவங்களைக் கேளும்மா" என்றார் அக்கா.

கேப்டனுக்கு முகம் சிவந்தது. "ஒரு போட்டோவை வச்சுக்கிட்டு குழு மானத்தை வாங்காதீங்க. கழட்டுங்க."

"கழட்ட மாட்டேன். இதுல யாரையும் நான் அசிங்கப்படுத்தல. ராத்திரியில அவ்வளவு தூரம் ஏறினதே பெரிய விஷயம். அது போதாதுன்னு பொய் சொன்னது நீங்க."

எப்படியோ எழுந்து நின்றேன். "அங்கிருந்து திரும்பிட்டோம். பயந்துட்டோம். உச்சிக்குப் போகல."

சொன்னதும் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஏறியவர்களில் மூன்று பேர் ஆமாம் என்றார்கள். மற்றவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு போய்ச் சேர்வதற்குள் அக்காவையும் என்னையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார் கேப்டன். இரண்டு வாரம் கழித்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது: மன்னிப்புக் கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். அக்கா அதற்கு எழுதிய பதிலை எனக்குப் படித்துக் காட்டினார்.

"எதற்கு மன்னிப்பு என்று விவரமாக எழுதி அனுப்பவும். அதையும் சட்டம் போட்டு மாட்டுகிறேன்."

விவரம் எதுவும் வரவில்லை.

அக்காவும் நானும், எங்களோடு வந்துவிட்டவர்களுமாக, இப்போது நாங்கள் தனியாக ஏழு பேர். கேப்டன் குழு இன்னும் ஓடுகிறது, எங்களைவிடக் கூட்டமும் அதிகம். அக்கா அதைப் பற்றிக் கேட்பதில்லை. போன மாதம் ஒரு பாறைக்குன்றில் பாதியிலேயே அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. எல்லோரும் இறங்கிவிடலாம் என்றோம்.

"யாரும் இறங்க வேணாம். இது நம்ம எடம்" என்று அங்கேயே முக்காலியை விரித்தார். மற்ற ஆறு பேர் கையிலும் ஆளுக்கொரு டார்ச்சைக் கொடுத்து, "ஓடாதீங்க, பொறுமையா நடங்க, ஒவ்வொரு பாறையா வெளிச்சம் பூசுங்க" என்று சத்தம் போட்டார். அவர் வீட்டுக்காரர் கொசுவைத் திட்டிக்கொண்டே போய் மிகப் பெரிய பாறையைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டார்.