எப்படி ஆச்சு என்று கேட்காதவர்

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது செய்தி வந்தது. தோல் கிடங்குக் காவல்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, “அருளானந்தம் சார் போயிட்டாரு. சாயந்தரம் அடக்கம்” என்றார். அடுத்த வீட்டுக்குச் சொல்ல உடனே கிளம்பிவிட்டார்.

நானும் அருளானந்தமும் அந்தக் கிடங்கில் எதிரெதிர் மேசைக் குமாஸ்தாக்கள். அவர் பேச்சில் எவ்வளவு சிக்கனம் என்பது அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். மூக்குப்பொடியில் மட்டும் தாராளம். ஒரே மகன் காய்ச்சலில் இறந்த வருஷம், லீவுகூடச் சொல்லாமல் சிறுமலைக் காட்டுக்குள் தனியாக நடந்து போனார். பிள்ளையைப் புதைத்த கையோடு மலை பார்க்கப் போன மனுஷன் என்று ஆபீசில் சிரித்தார்கள். திரும்பி வந்து அந்த நடையைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. மகனைப் பற்றி அதிகம் இல்லை. கொப்புளம், முள், தாகம் என்றே போனது. கேட்டதற்கு, “காலு வலிக்கையில மத்தது செத்த நேரம் ஒதுங்கி நிக்குது” என்றார். புத்தகம் பரணுக்குப் போயிற்று.

பிறகு என் மனைவி இறந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்ததும் “எப்படி ஆச்சு?” என்றார்கள். நெஞ்சுவலியில் ஆரம்பித்து, குதிரைவண்டி தேடி ஓடியது, ஆஸ்பத்திரி வாசலில் தலை சாய்ந்தது வரை சொல்லி முடிப்பேன். அடுத்தவர் வருவார், மறுபடியும் நெஞ்சுவலி. சொல்லிச் சொல்லி அது யார் வீட்டிலோ நடந்தது போல ஆகிவிட்டது. அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. ஒருநாள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் புத்தகத்தை எடுத்தேன்.

அவரும் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் காட்டுக்கு ஓடியிருக்கிறார். வழி தப்பி அலைந்தவருக்கு எதிரே, மலைவாழை ஏற்றிய குதிரைகளோடு ஒருவர் இறங்கி வருகிறார். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “செத்த நேரம் உக்காரு அப்பு, இதத் தின்னுட்டுப் போகலாம்” என்று ரெண்டு பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒன்றும் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்துதான் மகனுக்காக முதல்முறை அழுததாக எழுதியிருந்தார். நானும் அந்தப் பக்கத்தில்தான் அழுதேன்.

அன்று சாயந்தரம் அருளானந்தம் வந்தார். என் வாய் தானாகவே நெஞ்சுவலியை ஆரம்பித்தது. “எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். நடந்துட்டு வருவோம், வாங்க” என்றார். மலைக்கோட்டையைச் சுற்றி வந்தோம். செருப்பு கடிக்கிறது என்பதைத் தவிர அவர் வேறு பேசவில்லை. அந்த நடைக்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

செய்தி கேட்டு நான் போனபோது, அருளானந்தத்தின் மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் கேட்கக் கேட்கச் சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலிலிருந்து சொல்ல வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்தவன். தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லாமலா இருக்கும்? “வேணாம்மா” என்றேன். அவர் வாயை மூடிச் சுவரில் தலை சாய்த்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது.

அருளானந்தத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். அவர் எப்படிப் போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.