கத்தரித்துப் போட்ட முன்பாதி

ஜோசபினுக்கு முட்டை ஓட்டை உடைப்பதுதான் பிழைப்பு. ஆரப்பாளையம் பக்கத்தில் ஒரு கண் ஆய்வுக்கூடத்தில், கோழிக்கருவின் கண்ணை எடுத்து மெல்லிய சீவல்களாக்கிச் சாயம் ஏற்றுவாள். விழித்திரை வளரும்போது அதன் உட்புறத்தில் ஒரு சவ்வு விரியும். லாமினின், கொலாஜன் என்று சில புரதங்கள் செல்களுக்கு வெளியே படிந்து உண்டாகும் சவ்வு அது. லாமினினை எந்தச் செல் தயாரிக்கிறதோ, அங்கே நீலம் ஏற வேண்டும். ஏறினால்தானே! சவ்வில் புரதம் கொட்டிக் கிடக்கிறது. விழித்திரையிலோ தயாரித்த சுவடே இல்லை. சாயத்தைத் திட்டினாள், குளிர்பெட்டியைத் திட்டினாள், திரும்பத் திரும்பச் செய்தாள்.

வீட்டில் வேறொரு ஏக்கம். விளாங்குடி ஆரோக்கியநாதனுக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டபோது, தாயை இழந்திருந்த அவருடைய மகள் ஆன்மேரிக்கு ஐந்து வயது. இப்போது எட்டு. பேன் பார்த்து, வாந்தி அள்ளி, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தும் இன்றுவரை "ஆன்ட்டி"தான். "அம்மா" என்பது கேட்டு வாங்குகிற சொல்லா? பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்படிக் கத்தினால்கூட ஜோசபின் திரும்பிவிடுவாள். பிறகு அடுப்பைத் துடைப்பதுபோல் பாவனை செய்வாள்.

ஒருநாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆன்மேரிக்குக் காய்ச்சலாம். விழித்திரையை ஆராய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணின் முன்பாதியை, லென்ஸும் அதைச் சுற்றிய வளையமுமாகக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மீதியைத்தான் பதப்படுத்துவார்கள். அன்று ஜோசபினுக்குக் கத்தரி எடுக்க நேரமில்லை. கண்ணை முழுசாகவே கரைசலில் போட்டுவிட்டு ஓடினாள்.

அடுத்த வாரம் அதைச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், லென்ஸிலும் வளையத்திலும் நீலம் அப்பிக் கிடந்தது. ஆய்வுக்கூடத் தலைவி ரோகிணி எட்டிப் பார்த்துச் சிரித்தார். அங்கே சுரக்கும் புரதம், கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழில் மிதந்து வந்து விழித்திரைமேல் படிகிறது, மற்ற ஊர்களில் எப்போதோ கண்டுபிடித்ததுதான், நாம்தான் விடையைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தோம் என்றார்.

சாயங்காலம் ஆன்மேரிக்குத் தலை பின்னிக்கொண்டே ஜோசபின் இதைக் கதையாகச் சொன்னாள். பிள்ளை பாதிப் பின்னலோடு திரும்பிக் கேட்டாள்.

"அம்புட்டையும் லென்சுதான் செஞ்சு குடுத்துச்சுன்னு அந்தத் திரைக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியாது பாப்பா."

"லென்சு சொல்லாதா?"

"அதுக்கு வாய் ஏது?"

"அப்ப யாராச்சும் சொல்லணும்ல. பாவம்ல அது."

ஜோசபினுக்கு வாய் இருந்தது. நெஞ்சு முட்ட ஆசையும் இருந்தது. பின்னலை இறுக்கி ரிப்பனைக் கட்டிவிட்டு, போய் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னாள்.