பக்கத்து இருக்கை

பத்து வருடம் ஆசைப்பட்டு, சிங்கப்பூரில் இரண்டு கதவுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். உயரத்தையும் இறுக்கத்தையும் நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய, சாலைக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஒன்றையும் மலிவாகத் தேடிப் பிடித்தேன்.

அதைப் பொருத்தும்போது புக்கிட் மேரா பட்டறை மெக்கானிக் கேட்டார்: "தம்பி, பக்கத்து சீட்ல யாரு உக்காருவாங்க?"

"யாரும் இல்லண்ணே. நல்லா இறக்கி, டைட்டா வச்சுடுங்க."

பொய். தினமும் காலையில் மனைவியைச் சாங்கியில் வேலைக்குக் கொண்டுபோய் விடுவதே நான்தான். உண்மையைச் சொன்னால் தளர்த்தி வைத்துவிடுவார் என்று பயந்தேன்.

மூன்று வாரம், வளைவுகளில் கார் சாயாமல் திரும்புவதை ரசித்தேன். ஒரு காலை, எங்கள் அடுக்குமாடி புளோக் கார்பார்க்கின் வேகத்தடையில் ஏறும்போது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். மனைவி மேலே இருந்த கைப்பிடியைப் பற்றி, இருக்கையிலிருந்து உடம்பைச் சற்றுத் தூக்கி, கண்ணை மூடியிருந்தாள். அடுத்த தடையிலும் அப்படியே.

"முதுகு வலிக்குதா?"

"கொஞ்சம் லா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா காரை வித்துடுவீங்க. எத்தனை வருஷம் ஆசைப்பட்டீங்க."

அன்று மாலையே பட்டறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மெக்கானிக் திட்டவில்லை. "மாத்திக்கத்தானே இதை வாங்குனீங்க," என்றபடி காரை உயர்த்தி, இறுக்கத்தைக் குறைத்தார்.

மறுநாள் அதே தடையில் கார் அலுங்காமல் ஏறி இறங்கியது. ஆனாலும் அவள் கை கைப்பிடியில்தான் இருந்தது.

அவளிடம் கேட்ட மன்னிப்பு முந்தின நாளே கிடைத்துவிட்டது. அந்தக் கை தானாக மடிக்கு வர இரண்டு மாதம் ஆனது.