பெட்டியின் ஆறு பக்கமும் ஒரு நாடு

மக்களே,

போன வாரம் உங்களில் இளையவன் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க சொன்ன நாடு இதுல இல்லியே" என்று கேட்டான். சட்டம் படிக்கிற மூத்தவள், "அது அங்கீகாரம் கெடைக்காத நாடுலே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அவள் படிக்கிற புத்தகம் எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் அந்த நாட்டுக்காரன் ஒருவனுக்கு நான் ஒரு பிழை செய்தேன். அதை உங்களுக்கு எழுதி வைக்க வேண்டும்.

நான் வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் டைம்கீப்பராக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஆட்களின் வருகையைப் பதிவதும், கேட் பாஸுக்கு விண்ணப்பம் போடுவதும் என் வேலை. கையெழுத்து நன்றாக இருந்ததால் இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. ஊருக்குப் போகிறவர்களின் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியதும், மார்க்கரால் பெயரும் ஊரும் நாடும் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு பக்கமும் எழுத வேண்டும். பெட்டி எப்படிப் புரண்டு விழுந்தாலும் ஊர்ப்பெயர் மேலே தெரிய வேண்டும் என்பது நம்மாட்களின் எண்ணம்.

அங்கே ஒரு வெல்டர் இருந்தான். சோமாலிலாந்துக்காரன். அவர்கள் நிலம் பிரிட்டிஷ்காரரிடமிருந்து விடுதலை பெற்றதும், தானாகவே பக்கத்துச் சோமாலியாவோடு சேர்ந்தது. பிற்காலத்தில் அந்த அரசே அவர்கள் நகரத்தின்மேல் குண்டு போட்டது. அதன் பிறகு தனி நாடு என்று அறிவித்துக்கொண்டார்கள். கொடி, பணம், போலீஸ், தேர்தல் எல்லாம் உண்டு. ஆனால் நான் அங்கே இருந்த காலத்தில் எந்த நாடும் அதை நாடென்று ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் வேலை பார்த்த நாடு அவனுடைய சோமாலிலாந்துப் பாஸ்போர்ட்டைப் பார்த்து உள்ளே விட்டது. அதற்காக அங்கீகரித்ததாக அர்த்தமில்லையாம்.

கேட் பாஸைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது சிக்கல் வந்தது. நாட்டின் பெயரை ஒரு பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். சோமாலியா இருந்தது. அவன் நாடு இல்லை. பாஸ் இல்லாவிட்டால் அவன் வேலை போய்விடும். என் அறையில் தங்கியிருந்த, நம் மாவட்டத்துப் புதுக்கடை ஊர்க்காரன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"என்னலே இதுக்குப் போய் யோசிக்க? சோமாலியான்னு அமுக்கு. ஒன்னய எவனாவது ஊரு எதுன்னு கேட்டா, நீ கேரளான்னுதானே சொல்லுக?"

"அது சும்மா பேச்சுக்கு."

"இதும் சும்மா பாஸுக்கு. அமுக்குலே மக்கா."

அவன் சொன்னது மெய்தான். மற்ற தமிழர்கள் நம் பேச்சைக் கேட்டு மலையாளி என்பார்கள். மலையாளிகள் பாண்டி, அதாவது தமிழன், என்பார்கள். விளக்கிச் சலித்துப்போய், கேட்கிறவர் சொன்னதற்குத் தலையாட்டப் பழகியிருந்தேன். அன்று கேரளப் பக்கம் இருந்த இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று கேட்டு நம் தாத்தா காலத்தில் ஆட்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். புதுக்கடையிலும்தான். அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் அது நினைவில் வரவில்லை. அமுக்கினேன்.

பாஸ் வந்தது. வெல்டர் கழுத்தில் மாட்டிக்கொண்டான், பிறகு படித்தான், உடனே கழற்றினான். எங்களுக்குள் பாதி இந்தி, பாதி அரபியில்தான் பேச்சு.

"என்னிடம் கேட்டாயா?"

உன் வேலை போய்விடக் கூடாதென்றுதான் செய்தேன் என்றேன்.

"என் அப்பா அவர்கள் போட்ட குண்டில் செத்தவர். அவர்கள் பெயரை என் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாய்."

மேலாளரிடம் ஓடினேன். பட்டியல் தான் போட்டதல்ல, பாஸ் இல்லாத ஆள் உள்ளே வர முடியாது, ஒரு வாரம் பார்ப்பேன் என்றார். புதுக்கடைக்காரனும் தன் பங்குக்கு வெல்டரிடம் இந்தியில் சொல்லிப் பார்த்தான்: "ஒரு பிளாஸ்டிக் துண்டு. சட்டைக்குள்ள போட்டுட்டு நட." வெல்டர் சிரித்தான். "நீ உன் ஊரைச் சட்டைக்குள் போட்டுக்கொள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை."

அந்த வாரம் முழுக்க அவன் அறையிலேயே இருந்தான். பிறகு கணக்கை முடித்து டிக்கெட் கொடுத்துவிட்டார்கள்.

இதை நான் பிற்பாடு கேட்டபோது மூத்தவள் விளக்கினாள்: நிலம், மக்கள், அரசு, பிற நாடுகளோடு உறவாடும் திறன், இந்த நான்கும் இருந்தால் அது நாடுதான் என்பது ஒரு கட்சி. மற்றவர்கள் ஒப்புக்கொண்டால்தான் நாடு என்பது இன்னொரு கட்சி. ஒரு மக்கள் கூட்டம் தன் நிலையைத் தானே தீர்மானிக்கலாம் என்று உலகச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம், இருக்கிற நாட்டின் எல்லையை உடைக்கவும் அஞ்சுகிறது. ஒன்றை அசைத்தால் எத்தனை எல்லைகள் ஆடுமோ என்ற பயம். இதில் யார் சரி என்று சொல்லும் படிப்பு எனக்கில்லை. நான் முதலிலேயே வெல்டரிடம் கேட்டிருந்தாலும் அவன் வேலை போயிருக்கலாம். ஆனால் அது அவனே எடுத்த முடிவாக இருந்திருக்கும். அந்த முடிவை அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

புறப்படும் அன்று காலையில் அவன் எங்கள் அறைக்கு வந்தான். கையில் டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மார்க்கரை என்னிடம் நீட்டினான்.

"உன் ஊர்க்காரர்களுக்கு எழுதுவதுபோல எழுது."

இந்த முறை ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினேன். பெயர் எப்படி, ஊர் எப்படி, நாடு எப்படி என்று அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான். நாட்டின் பெயரை மட்டும் பெரிதாக எழுதச் சொன்னான். புதுக்கடைக்காரன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான். ஐந்து பக்கம் முடிந்ததும் கீழே வைக்கப் போனான்.

"அடிப்பக்கம் எதுக்குலே? யாரு பாக்கப் போறா?"

அவன் தமிழில் பேசியது வெல்டருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, தானே தலைகீழாகத் தரையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். நான் எழுதினேன். மை காயும் வரைக்கும் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.